நாளைக்கு உட்காரலாம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இங்கே சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் ஃபோனில் கேட்டதற்கு, "எனக்கென்னக்கா, ஜம்முன்னு இருக்கேன்" என்றாய். பெருங்குடலில் கட்டி, ஆறேழு வாரத்தில் ஆபரேஷன் என்பதை உன் வீட்டுக்காரிதான் சொன்னாள். ஃபோனில் நான் நர்ஸ் ஆகிவிடுகிறேன், நீ கோமாளி ஆகிவிடுகிறாய். கடிதத்தில்தான் நமக்கு அக்கா தம்பியாகப் பேச வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இருக்கிற ஆறு வாரத்தைப் பயந்து படுத்தே கழித்துவிடாதே. நான் வேலை பார்க்கும் வார்டில் முன்பெல்லாம் குடல் ஆபரேஷன் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் படுக்கை. இப்போது ஐந்தாறு நாளில் பலர் சொந்தக் காலில் வீட்டுக்குப் போகிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. கத்தி வைப்பதற்கு முன்பே ஆளைத் தயார் செய்துவிடுகிறோம். தினமும் அரை மணி நேரம் நட. மூச்சுப் பயிற்சி செய். முட்டை, பருப்பு, மீன், பால் என்று சதை பிடிக்கிற சாப்பாடாகச் சாப்பிடு. சிகரெட்டை இன்றே நிறுத்து. நாளைக்கு இல்லை, இன்றே.

ஆபரேஷன் அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிவான சர்க்கரைப் பானம் குடிக்கலாம். பட்டினி போட்டால் உடம்பு பலவீனப்பட்டுத்தான் மேஜைக்குப் போகும். முடிந்த பிறகு அன்று மாலையே கொஞ்சம் தண்ணீர், அன்றே எழுந்து நாற்காலியில் உட்காருவது. உங்கள் ஆஸ்பத்திரியிலும் இந்த முறைதானா என்று கேட்டு எழுது.

சளி, இருமல் இல்லாமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

உலகத்திலேயே லிஃப்ட் மெக்கானிக்கைப் படியேறச் சொன்ன ஒரே ஆள் நீதான். ஆனாலும் ஏறுகிறேன். லிஃப்ட் நின்றுபோன கட்டிடங்களுக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், வேறு வழி? போன வாரம் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். நான் மேலே மெஷின் ரூமுக்கு ஏறி முடிப்பதற்குள் அவர் மூன்று சட்டப் பிரிவுகளில் என்னைத் தண்டித்துவிட்டார். பிரேக்கில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. எங்கள் தொழிலில் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக யார் கை வைத்தது? அந்தக் கையைப் பிடித்துவிட்டால் பழுதைப் பிடித்த மாதிரி.

ஒரு நாளைக்கு ஆறு சிகரெட் என்று உன்னிடம் சொல்லியிருந்தது பொய். பத்து. இப்போது பூஜ்யம். முதல் நான்கு நாள் வீட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. தினம் இரண்டு முட்டை. இன்னும் ஒரு மாதம் போனால் கூவ ஆரம்பித்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். இப்படி ஒரு முறை இருக்கிறதென்றால் அப்பாவின் ஆபரேஷனில் ஏன் இதைச் செய்யவில்லை?

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

சிகரெட்டை விட்டதற்கு உன்னை மெச்சுகிறேன். உனக்கு ரத்தம் குறைவு என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். இரும்புச் சத்தை ஊசியாக ஏற்றுவதாக உங்கள் டாக்டர் சொன்னால் தயங்காமல் ஏற்றிக்கொள். ரத்தம் தேறிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்பா காலத்தில் இதெல்லாம் தெரியாது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் குடிக்க அங்கே அனுமதிக்கிறார்களா? மறுபடியும் கேட்கிறேன், மறக்காமல் எழுது. எங்கள் வார்டில் நேற்று எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், ஆபரேஷனாகி இரண்டாம் நாள், "சிஸ்டர், எனக்கு இந்த வராண்டா போதாது" என்று சண்டை பிடித்தார். அவரை நினைத்துக்கொண்டு நட.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இரும்பு ஊசி ஏற்றியாகிவிட்டது. இனிமேல் மழையில் நனைந்தால் துருப்பிடிப்பேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பாதி நாள் போயிற்று. உடற்பயிற்சி சொல்லித் தருகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். வார்டே அவளை மிலிட்டரி என்றுதான் கூப்பிடுகிறது. ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறேன் என்று கையில் கடிகாரத்தோடு பின்னாலேயே வந்தாள். நானூற்று இருபது. "மோசமில்ல, இன்னும் கூட்டணும்" என்றாள். பிறகு மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது அசையவே இல்லை. மூன்று டன் ஏற்றுகிற மோட்டாரையெல்லாம் பிரித்துப் போட்டவன் நான், ஒரு பிளாஸ்டிக் பந்திடம் தோற்றேன்.

டாக்டர் கொடுத்த காகிதத்தில் நீ எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. உனக்குச் சொந்தக்காரரோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஆபரேஷன் 26ஆம் தேதி. சர்க்கரைப் பானத்துக்கான தூள் இரண்டு பாக்கெட் கொடுத்தார்கள். அது அலமாரியில் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். நான் உங்களுக்குக் கடிதம் எழுதி எவ்வளவோ காலம் ஆகிறது. ஃபோனில் பேசினால் அவர் காதில் விழும்.

உங்கள் தம்பி நடக்கிறார், சாப்பிடுகிறார், பந்தை ஊதுகிறார். ஊதக்கூடாது, இழுக்க வேண்டும் என்று என்னைத் திருத்தவும் செய்கிறார். ஆனால் அந்தத் தூள் பாக்கெட்டுகளை நான் எங்கே வைத்தாலும் மறுநாள் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்சிடம், "ஆபரேஷனுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டேன். பழைய முறையில ஆறு நாள் அப்படியே படுக்கப் போட்டுடுங்க" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் விளையாட்டாகச் சொல்லாத வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார். மாமா ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதானே. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி.

உங்கள் அன்பு மறவாத,
தம்பி மனைவி


பிப்ரவரி 14

தம்பி,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

உன் வீட்டுக்காரி எனக்கு எழுதினாள். அவளைத் திட்டினால் நான் அங்கே வந்து உன்னைத் திட்டுவேன். ஆறு நாள் அசையாமல் படுத்தால் நுரையீரலில் சளி கட்டும், குடல் விழிக்காது, காலில் ரத்தம் உறையும். அப்படிப் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

நீ கத்திக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பத்து மாடி உயரத்தில் குழிக்குள் எட்டிப் பார்க்கிறவன். உனக்குத் தண்ணீரிடம் என்ன பயம்? தூள் கொடுத்தார்கள், அலமாரியில் இருக்கிறது என்று எழுதினாயே தவிர, குடிப்பேன் என்று நீ எழுதவில்லை. இந்த முறை இதற்கு மட்டும் எழுது. தமாஷ் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இரு. தமாஷ் இல்லாமல் எழுதச் சொன்னாய். பழக்கம் இல்லை, முயற்சி செய்கிறேன்.

உன் வார்டில், அப்பாவின் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். மத்தியானம். நீ கீழே சாப்பிடப் போயிருந்தாய். அம்மா மருந்துக்காக வரிசையில் நின்றிருந்தாள். நான் மட்டும் கட்டில் பக்கத்தில். தலைமாட்டில் 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் உதடு வெடித்து, நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. அவர் கிரேன் மேலிருந்து கத்தினால் கோடவுன் முழுக்கக் கேட்கும் என்பார்களே, அந்தக் குரலில் பாதிகூட இல்லை. "டேய், ஒரே ஒரு வாய்டா. உங்கக்கா வர்றதுக்குள்ள குடுத்துடுடா" என்றார்.

பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் என்றவர் நாலு வாய் குடித்தார். "நீ நல்லா இருப்பேடா" என்றார். மூடியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலையில் நீயும் இன்னொரு நர்சும் அவரை முதல்முறையாக எழுப்பி நிறுத்தினீர்கள். இரண்டு அடி. "மூச்சு முட்டுதும்மா" என்றார். அவ்வளவுதான். ஹார்ட் அட்டாக் என்று நீ சொன்னாய். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியும் அக்கா, கடைசியாகக் கை வைத்தது யார் என்று.

உன்னிடம் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை அவளிடமும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம். சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

எனக்குச் சாவதற்குப் பயமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் குடிக்க வேண்டிய அந்த ஒரு டம்ளரை நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 20

என் தம்பிக்கு,

தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். 26ஆம் தேதிக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

அப்பாவைக் கொன்றது தண்ணீர் இல்லை.

அவருக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? வயிற்றில் சேருவதையெல்லாம் வெளியே ஒரு பைக்கு இழுக்கும் குழாய். நீ கொடுத்த நாலு வாயும் அந்தப் பைக்கு வந்துவிட்டது. அன்று மாலை பையை நான்தான் மாற்றினேன். எப்போதும் பச்சையாக இருப்பது அன்றைக்குத் தெளிவாக இருந்தது. யாரோ தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அம்மா என்று நினைத்தேன். பாவம், அவளை என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன்.

இனி என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட அதிக நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாம் நாளே பெரிய டாக்டர் 'நாற்காலியில் உட்கார வைக்கவும்' என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்திலும் அவர் அப்படி எழுதினார். நானும் இன்னொருத்தியும் அப்பாவைத் தூக்கினோம். பாதி எழுந்தார், வலியில் அலறிவிட்டார். நான் நர்சாக இருந்திருந்தால் உட்கார வைத்திருப்பேன். மகளாகிவிட்டேன். "வேணாம்ப்பா, நாளைக்கு உட்காரலாம்" என்று படுக்க வைத்துப் போர்வையைச் செருகினேன். "என் தாயே" என்றார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. கெண்டைக்கால் வலிக்கிறது என்றார், தலையணை வைத்தேன். ஐந்தாம் நாள் நிறுத்தியபோது காலில் உறைந்திருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இறப்புச் சான்றிதழிலும் அதுதான் எழுதியிருக்கிறது. நான் உங்களிடம் ஹார்ட் அட்டாக் என்றேன். காலில் ரத்தம் உறைந்தது என்று சொன்னால், ஏன் உறைந்தது என்று கேட்பீர்கள் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பயந்து சான்றிதழை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் இல்லை என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். என் தப்பை மறைக்க நான் சொன்ன ஒரு பொய், இருபத்தைந்து வருஷம் உன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு நேற்றுவரை தெரியாது. தெரியாது என்பது சாக்கு இல்லை.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். 26ஆம் தேதி காலை அந்தப் பானத்தைக் குடி. மாலையில் எழுந்து உட்கார்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி ஃபோனில் சொன்னாள். "குடிச்சானா?" என்று கேட்டேன். "அதை அவரே எழுதட்டும் அண்ணி" என்றாள். "என் கடுதாசி வந்துச்சா?" என்றேன். "வந்துச்சு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஃபோனை உன்னிடம் கொடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கோபம் இருந்தால் அதையாவது எழுது. எழுத முடியாவிட்டால் ஒரே ஒரு தகவல் மட்டும் போதும்: காற்றுப் பிரிந்ததா? குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம், எங்கள் வார்டில் இதைவிடப் பெரிய நல்ல செய்தி கிடையாது.

கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்காதே. தினமும் நட. வயிறு ஒத்துக்கொள்கிற அளவில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பிரிந்தது. இரண்டாம் நாள் காலை, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருந்தபோது, எல்லார் முன்னிலையிலும். அவர் என் கையைக் குலுக்கி வாழ்த்தினார். பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

மற்றதை வரிசையாக எழுதுகிறேன். உன் கூரியர் 22ஆம் தேதி வந்தது. படித்தேன். கோபம் வந்தது அக்கா. சாதாரணக் கோபம் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆன நாளில், பெண் பிறந்த நாளில், ஒவ்வொரு நல்ல நாளிலும் அந்த பிளாஸ்க் மூடி என் கண்ணில் வந்து நின்றிருக்கிறது. உன் பெட்டிக்குள் இருந்த ஒரு காகிதம் அதையெல்லாம் நிறுத்தியிருக்கும். இரண்டு நாள் அந்தச் சான்றிதழ் நகலை நான்காக மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தேன். இனி உனக்கு எழுதவே கூடாது என்றுகூட நினைத்தேன்.

ஆனால் 26ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் குடித்தேன். உனக்காக இல்லை. வீட்டுக்காரி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். பாதி சட்டையில் போயிற்று. மிச்சத்தைக் குடித்தேன். எலுமிச்சை வாசனையில், சகிக்க முடியாத தித்திப்பு. அதன் பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தள்ளிக்கொண்டு போன ஆள், ஆபரேஷன் பயம் என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்.

அன்று சாயங்காலம் மிலிட்டரி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் எழுந்தேன். எழுந்தேன் என்று எழுதுவது சுலபம். வயிற்றைப் பிடித்து யாரோ முறுக்குகிற மாதிரி இருந்தது. கத்திவிட்டேன். உடனே வீட்டுக்காரி ஓடி வந்து மிலிட்டரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவங்க, வலிக்குதுல்ல, நாளைக்கு உட்காரலாமே" என்றாள்.

அதே வார்த்தை. உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை அக்கா. அவளாகச் சொன்னாள்.

மிலிட்டரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வலி மருந்து இப்ப பிடிக்கும், உட்காருங்க" என்று என்னை உட்கார வைத்தாள். கால் மணி நேரம் உட்கார்ந்தேன். மறுநாள் ஜன்னல்வரை, அதற்கு மறுநாள் வராண்டா முழுக்க. ஆறாம் நாள் வீடு. கட்டி குடலைத் தாண்டிப் போகவில்லை, வேறு மருந்து இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று நேற்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் அந்தச் சாயங்காலம், நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் மிலிட்டரியைச் சபித்தேன். வீட்டுக்காரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன், மனசுக்குள். அந்த நேரத்தில் 'நாளைக்கு' என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவள் கையில் மட்டும் என் பொறுப்பு இருந்திருந்தால் நான் இன்னும் படுத்துத்தான் கிடந்திருப்பேன். சந்தோஷமாகக் கிடந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் தப்பு என்று ஒன்றும் இல்லை. அப்போது எனக்கு உன் முகம் தெரிந்தது, முப்பத்திரண்டு வயசில், போர்வையைச் செருகிக்கொண்டு.

மறைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை. மெதுவாக ஆகும் என்று நினைக்கிறேன், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. நீ லீவு போட்டுவிட்டு இங்கே வா. என் எதிரில் உட்கார். உன்னைத் திட்ட வேண்டியது பாக்கி இருக்கிறது.

அப்பாவைப் பற்றி மட்டும் இதைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கடைசி நாட்களில் அவர் இரண்டே இரண்டு விஷயம்தான் கேட்டார். தண்ணீர் கேட்டார், நான் கொடுத்தேன். வலிக்க வேண்டாம் என்று கேட்டார், நீ கொடுத்தாய். கேட்டதெல்லாம் அவருக்குக் கிடைத்தது அக்கா. நம் இரண்டு பேரையும் வாழ்த்திவிட்டுத்தான் போனார்.

உன் தம்பி